கோபாலபுரத்து மாடியும் ஒரு சுருட்டும்

சென்னையில் வாடகை வீடு தேடுகிற மனிதனைப் போல் வெட்கங்கெட்டவன் வேறு யாரும் இல்லை. வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். நாய் பிடிக்குமா? உயிர் சார். விடியற்காலையில் எழுந்து மோட்டார் போட வேண்டும். அந்த நேரத்துக்கு நான் குளித்தே முடித்திருப்பேன் சார். ஒன்பது மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டோம். ஒன்பது மணிக்கு மேல் மனுஷனுக்கு வெளியே என்ன சார் வேலை? நானும் இப்படித் தலையாட்டியவன்தான். மற்றவர்களுக்கு அதற்குத் தண்டனையாக மோட்டார்தான் கிடைத்தது. எனக்குச் சுருட்டு கிடைத்தது.

அப்போது எனக்கும் கவிதாவுக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மயிலாப்பூரில் என் அம்மா அப்பாவோடு இருந்தோம். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் நுழையும். கவிதாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்டவர். மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமையாகவே சேர்த்துக்கொள்வதில்லை. (எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது தனிக் கதை. அதிலும் நான்தான் அசடு.) கவிதா என் வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. என் அம்மாவும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் புடலங்காய்க் கூட்டைத் தட்டில் பரிமாறிக்கொண்டே, "ஏங்க, எனக்குன்னு ஒரு அடுப்பு வேணுங்க. அதுல ஒரே ஒரு வஞ்சிரத் துண்டு வறுக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவ்வளவு மெதுவாகக் கேட்டதில் தலையாட்டிவிட்டேன்.

வீடு தேட ஆரம்பித்தோம். போன இடத்திலெல்லாம், "வெஜிடேரியன்தானே?" என்பார்கள். நான் ஆமாம் என்பேன். கவிதா இல்லை என்பாள். கதவு சாத்திக்கொள்ளும். அடையாறில் ஒருவர், கவிதா மட்டும் வெளியே சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வரலாமே என்று யோசனை சொன்னார். நங்கநல்லூரில் ஒரு மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, காதல் கதை முழுவதையும் கேட்டு, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பியும் கொடுத்து, வீடு இல்லை என்று அனுப்பி வைத்தார்.

கடைசியில் கோபாலபுரத்தில்தான் டேனியல் சார் அகப்பட்டார். பழைய பங்களா. கீழே அவர் மட்டும் இருந்தார். மாடி காலி. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்ப்பதையே உத்தியோகமாகச் செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, அது எந்த எஸ்டேட் இலை, மழைக்கு முன்பு பறித்ததா பின்பு பறித்ததா என்று சொல்லிவிடுவாராம். எங்களுக்கு மாடியைச் சுற்றிக் காட்டினார். சமையலறை ஜன்னல் வேப்பமரத்தைப் பார்த்துத் திறந்தது. கவிதா அடுப்பு மேடையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். இந்த வீடு இல்லாமல் திரும்பக் கூடாது என்று எனக்கு அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

மீன் பேச்சை எடுக்கக் கவிதா வாயைத் திறந்தாள். டேனியல் சார் முந்திக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம் தம்பி. சாயங்காலம் நான் போர்டிகோல உக்காந்து சிகார் பிடிப்பேன். புகை நேரா மாடிக்குத்தான் வரும். இதுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் அதனாலதான் காலி பண்ணிட்டுப் போனாங்க. உங்களுக்கு ஒத்துக்குமா?"

ஒத்துக்கும் சார் என்று சொல்லியிருந்தால் போதும். அதோடு கதை முடிந்திருக்கும்.

"ஒத்துக்கறதாவது! நானே சிகார் பிடிக்கறவன்தான் சார்!" என்றேன்.

கவிதா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. டேனியல் சாருக்கோ முகமெல்லாம் பல். "அப்படியா! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க. ஒண்ணா உக்காந்து பிடிப்போம். வீட்டு விஷயத்தை அப்பப் பேசி முடிச்சிடலாம்" என்றார்.

நான் அதுவரை புகைத்திருந்ததெல்லாம் மார்கழியில் வாயிலிருந்து வரும் ஆவிதான். ஆபத்துக்கு ஆபீஸ் நண்பன் பாபுவைப் பிடித்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தான். டீக்கடைக்கு டீக்கடை சிகரெட் பற்ற வைப்பவன் என்பதால் அவனை நிபுணன் என்று நினைத்தேன்.

"இன்னா மச்சி, சுருட்டா? அதுல இன்னா கீது? சிகரெட்டோட அண்ணன், அவ்ளோதான். நல்லா உள்ள இஸ்து, நெஞ்சுல நிறுத்தி, மெதுவா உட்டுக்கினே இரு. கெத்தா இருக்கும்னு நான் சொல்றேன்ல?"

(பாபு தன் வாழ்க்கையில் சுருட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

அதற்குப் பிறகு வீடியோக்கள் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, தோல் வாசனை வருகிறது, தேவதாரு வருகிறது, ஈர மண் வருகிறது என்று அடுக்கினார்கள். அதையெல்லாம் பரீட்சைக்கு நெட்டுருப் போடுவதுபோல் போட்டேன். பிடிக்கிற தோரணைக்கு முருங்கைக்காய்த் துண்டை வைத்துக் கண்ணாடி முன் பயிற்சி செய்தேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, முருங்கைக்காயைப் பச்சையாக் கடிச்சுண்டு நிக்கற? பசிச்சா சொல்லப்படாதோ?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அன்று பார்த்து ஏகாதசி. எங்கள் வீட்டில் ஏகாதசி என்றால் அடுப்பு மூட்ட மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது அரை டம்ளர் மோர். வெறும் வயிற்றில் சுருட்டின் பக்கமே போகக் கூடாது என்று ஏதாவது ஒரு வீடியோவில் ஒருவனாவது சொல்லியிருப்பான். நான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பேன். கவிதா கெட்டிக்காரி. மதியம் தி. நகரில் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு நேராகக் கோபாலபுரத்துக்கு வந்துவிட்டாள்.

போர்டிகோவில் மூன்று பிரம்பு நாற்காலிகள். பக்கத்தில் வரிசையாக அகலமான குரோட்டன்ஸ் செடித் தொட்டிகள். டேனியல் சார் மரப்பெட்டியைத் திறந்து, கட்டை விரல் பருமனுக்கு ஒரு சுருட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கூடவே வெட்டுகிற கத்தியையும் தந்தார். முனையில் தொப்பி மாதிரி இருப்பதை மட்டும் மெல்லச் சீவ வேண்டுமாம். நானோ சாம்பாருக்கு நறுக்குகிற அளவுக்கு நறுக்கிவிட்டேன். மேலே சுற்றியிருந்த இலை வெங்காயச் சருகு மாதிரி கழன்று என் வேட்டியில் விழுந்தது. டேனியல் சார் புருவத்தை உயர்த்தினார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மிச்சத்தை வாயில் வைத்து, சாய்ந்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன்.

"ஆஹா! எடுத்தவுடனே தோல் வாசனை வருது சார். பின்னாடியே தேவதாரு."

"தம்பி," என்றார் டேனியல் சார், "இன்னும் பத்த வைக்கல."

கவிதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

டேனியல் சார் பெரிய மனுஷர். "பரவால்ல. நம்ம வீட்ல முதல் தடவையா பிடிக்கறீங்க. நானே பத்த வச்சுத் தர்றேன்" என்று வேறொன்றை எடுத்தார். பதமாகச் சீவினார். நீளத் தீக்குச்சியைக் கொளுத்தி, சுருட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, தன் வாயில் வைத்துச் சில இழுப்பு இழுத்து, நெருப்பு சமமாகப் பிடித்ததும், மாலை போடுகிற மரியாதையோடு என்னிடம் நீட்டினார். வாயில் வைக்க வேண்டிய முனை ஈரத்தில் பளபளத்தது.

இங்கே என் வீட்டுப் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தவர் யாரும் இல்லை. காப்பியோ கஷாயமோ, எவ்வளவு கொதித்தாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான். 'எச்சப் பண்ணாதேடா' என்பதைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். கல்யாணமான புதிதில் கவிதா கடித்துக் கொடுத்த மாங்காயைக்கூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தின்றேன். அது காதல். இது வாடகை. வாங்காவிட்டால் வீடு போகும். வாயில் வைத்தால் முப்பது தலைமுறை முன்னோர்களும் எழுந்து வருவார்கள்.

பழக்கதோஷத்தில் கை தானாக மேலே போனது. சுருட்டை அண்ணாந்து பிடித்தேன். சுருட்டை அப்படிக் குடிக்க முடியாது என்பது, சூடான சாம்பல் மோவாயில் விழுந்த பிறகுதான் உறைத்தது. உடனே எனக்கு ஒரு அபாரமான யோசனை தோன்றியது. (என் வாழ்க்கையின் எல்லாச் சீரழிவுக்கும் முன்னால் இப்படி ஒரு அபாரமான யோசனை இருந்திருக்கிறது.) கையைக் குழலாகக் குவித்து, விரலிடுக்கில் சுருட்டைச் செருகி, கட்டை விரல் பக்கம் இருந்த ஓட்டையில் வாயை வைத்தேன். எச்சில் படாது. சுருட்டும் பிடித்ததாகும். டேனியல் சார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கைக்குள்ளிருந்து புகையை வரவழைக்க வாய் மட்டும் போதவில்லை. நெஞ்சு, வயிறு, முதுகெலும்பு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன். அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்தது. பாபு சொன்னபடி அங்கேயே நிறுத்தினேன்.

முதலில் காது அடைத்தது. பிறகு நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அரை டம்ளர் மோர் எழுந்து நின்று வெளியே போக வழி கேட்டது. டேனியல் சார் இரண்டு பேரானார். இரண்டு பேரும், "தம்பி, உள்ள இழுக்கக் கூடாது! இது நாக்குக்கு, நுரையீரலுக்கு இல்ல!" என்றார்கள். ரசனையோடு ஏதாவது சொல்லித்தான் சாய வேண்டும் என்ற வைராக்கியத்தில், "சார்… ஈர மண்…" என்று சொல்லி, நாற்காலியோடு குரோட்டன்ஸ் தொட்டிக்குள் விழுந்தேன். காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நெட்டுருப் போட்டதில் ஈர மண் ஒன்றுதான் நிஜமாகவே என் வாய்க்கு வந்தது.

டேனியல் சார் உள்ளே ஓடி, மயக்கம் தெளியச் சர்க்கரை கொண்டுவந்தார். கவிதா என் வாயில் கொட்டினாள். கண் திறக்கிறேனா என்று பார்த்தாள். திறந்தேன். உயிருக்கு மோசமில்லை என்று தெரிந்ததும் என்னை அப்படியே விட்டுவிட்டு, தரையில் கிடந்து புகைந்துகொண்டிருந்த சுருட்டை எடுத்து, நுனியைத் தலைப்பில் துடைத்தாள்.

"இது அணைஞ்சிடுமா சார்?"

"இழுத்தா அணையாது. விட்டுடும்மா."

அவள் விடவில்லை. வாயில் வைத்தாள். அதுவரை அவர் எப்படி இழுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. கன்னத்தில் புகையை நிறுத்தி, நாக்கில் உருட்டி, வெளியே விட்டாள். டேனியல் சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்னம்மா வருது?"

"தோல் தேவதாரெல்லாம் எனக்குத் தெரியாது சார். மல்லி வறுக்கறப்ப கடைசில ஒரு கை லேசாக் கருகும்ல, அந்த வாசம் வருது. அப்புறம் பால் அடிபிடிச்சா, சட்டியச் சுரண்டறப்ப ஒரு இனிப்பு இருக்குமே, அது."

டேனியல் சார் தன் சுருட்டை ஒருமுறை இழுத்துக் கண்ணை மூடினார். "அடிபிடிச்ச பால்! இத்தனை வருஷமா எனக்குச் சிக்காத வார்த்தைம்மா இது."

"ஆனா எனக்கு இது பிடிக்கல சார்."

தொட்டியில் கிடந்தபடியே அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். வீடு போகிறதே! அவள் காலை நகர்த்திக்கொண்டாள். "ரொம்ப இனிப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம் காரமா இல்லையா?"

டேனியல் சார் சட்டென்று எழுந்து உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது.

"திருச்சிச் சுருட்டும்மா. நான் தனியா இருக்கறப்ப இதைத்தான் பிடிப்பேன். வர்றவங்களுக்கு வெளிநாட்டுப் பெட்டியைத்தான் திறப்பேன். எல்லாரும் ஆஹா ஓஹோம்பாங்க. பிடிக்கலன்னு சொன்ன முதல் நாக்கு உன்னோடதுதான்."

கவிதா ஒரு இழுப்பு இழுத்தாள். "இதுதான் சார்! மிளகு!" என்றாள். டேனியல் சார் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கவிதா கேட்டுவிட்டாள்.

"மாடில மீன் வறுக்கலாமா சார்?"

"வாசனை கீழ வருமா?"

"கண்டிப்பா வரும் சார்." (பொய் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் உண்மை பேசினாள்.)

"அப்ப கூடவே ஒரு துண்டும் வரணும்" என்றார் டேனியல் சார், சாவியை மேஜைமேல் வைத்தபடி.

நான் தொட்டியிலிருந்து எழுந்தேன். சட்டையில் மண், மோவாயில் சாம்பல், தலையில் ஒரு குரோட்டன்ஸ் இலை. ஆனாலும் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு கம்பீரமாக நின்றதில்லை. சிகார் பிடிப்பேன் என்று நான் அன்று புளுகியிருக்காவிட்டால் இந்த வீடு கிடைத்திருக்குமா? இந்த வாதத்தைக் கவிதா இன்றுவரை ஏற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா என்னை மோந்து பார்த்து, "ஏகாதசியும் அதுவுமா எங்கேடா ஹோமம்?" என்றாள். கோபாலபுரத்தில் என்றேன். "நன்னா இருக்கட்டும்" என்றாள்.

சில வருஷங்களாகிவிட்டன. அதே மாடியில்தான் இருக்கிறோம். ஞாயிறு மதியம் வஞ்சிரத் துண்டு ஒன்று தவறாமல் கீழே போகிறது. சாயங்காலம் கவிதாவும் டேனியல் சாரும் போர்டிகோவில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு இழுப்பு இழுத்து, மிளகா, கிராம்பா என்று சண்டை போடுகிறார்கள். நான் பஜ்ஜி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறேன். என் ரசனையும் எனக்குத் தெளிவாகிவிட்டது: எனக்குப் பஜ்ஜிதான் பிடிக்கும்.

புதிதாக யார் வந்தாலும் டேனியல் சார் எங்களை ஒரே விதமாகத்தான் அறிமுகம் செய்து வைப்பார். கவிதாவைக் காட்டி, "இவங்க நாக்குக்காகத்தான் வீட்டையே வாடகைக்கு விட்டேன்" என்பார். வந்தவர் மரியாதையோடு என் பக்கம் திரும்புவார்.

"அது அவங்க வீட்டுக்காரர்" என்பார் டேனியல் சார். "அவர் பக்கத்துல இருக்கற தொட்டியை மட்டும் கொஞ்சம் நகத்தி வச்சிடுங்க."