கட்டில் பக்கத்து வாய்

ஆஸ்பத்திரிகளில் ஒரு வகை உயிரினம் உண்டு. நோயாளி அல்ல. டாக்டர் அல்ல. நர்ஸ் நிச்சயமாக அல்ல. ஆனால் மூவரும் பேச வேண்டியதை இவர் ஒருவரே பேசி முடித்துவிடுவார். இவருக்கு நான் ‘கட்டில் பிரதிநிதி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பிரதிநிதி என்றால் யாராவது தேர்ந்தெடுத்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்த்து நிற்க வேண்டியவர் படுத்திருந்தார். அதனால் போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கட்டிலுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், அது இவருடையது. கக்கத்தில் ஸ்கேன் உறை இருக்கும், சாப்பிடும்போதும் அது கீழே இறங்காது. படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அதை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்து, “ம்” என்பார். அந்த ‘ம்’முக்கு அர்த்தம் கேட்கக் கூடாது. எதிர்க் கட்டில்காரருக்கு எந்தச் சிறுநீரகத்தில் கல், அவருடைய மருமகள் ஏன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, லிஃப்ட் எந்த மாடியில் நின்றுவிடும் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றே ஒன்று. பக்கத்தில் படுத்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது.

அதனால் என்ன? கேட்டால்தானே தெரிய வேண்டும்?

நர்ஸ் வந்து நோயாளியைப் பார்த்து, “ராத்திரி தூங்கினீங்களா?” என்பார்.

“தூங்கினோம் சிஸ்டர், ஆனா சரியான தூக்கம் இல்ல” என்று நாற்காலி பதில் சொல்லும்.

“மோஷன் போச்சா?”

“காலையில ஒரு தடவை போனோம்.”

படுத்திருப்பவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போனாரா, போகவில்லையா, போனது இவர்தானா என்பதெல்லாம் அந்த ‘போனோம்’ என்ற பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. கணவனுக்குப் பல்வலி எந்தப் பக்கம் என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டும் மனைவி. நரைத்த தலையோடு படுத்திருக்கும் மகனுக்கு “ஊசின்னா குழந்தைக்குப் பயம்” என்று சொல்லும் தாய். அப்பாவுக்குக் காது கேட்காது என்று டாக்டரிடம் அடித்துச் சொல்லும் மகன். அப்பாவோ அதைக் கேட்டு முறைத்துக்கொண்டிருப்பார். இவற்றில் எல்லா அம்சமும் கூடி வந்த ஓர் உருப்படியை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் மாமா. அம்மாவின் தம்பி.

அம்மா பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்தவள். முப்பது வருஷம் முன்பின் தெரியாதவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அவளால் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் ஊசியோடு வந்தார். நடுத்தர வயது, கறாரான ஆள். அம்மாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, “உங்க பேரைச் சொல்லுங்கம்மா” என்றார்.

மாமா இனிஷியலோடு சொன்னார்.

“சார், நான் அவங்களைக் கேட்டேன்.”

“நானும் அவங்க பேரைத்தான் சொன்னேன்.”

“அவங்க வாயால சொல்லணும் சார். தப்பான ஆளுக்கு ஊசி போட்டா சட்டப்படி கோர்ட்டுல போய் நிக்கறது நான்.”

“அதெல்லாம் கவலைப்படாதீங்க சிஸ்டர். நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“அங்கயும் நீங்கதான் பேசுவீங்களா?” என்றார் நர்ஸ், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

அன்றிலிருந்து மாமா அவருக்குச் ‘சட்டம்’ என்று பட்டம் கட்டிவிட்டார். “சட்டம் டியூட்டிக்கு வந்தாச்சா?” என்று வாசலை எட்டிப் பார்ப்பார். வந்திருந்தால் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார்.

வலிக்கும் இதே கதைதான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளி ஓர் எண் சொல்ல வேண்டும், அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். “எவ்வளவும்மா?” என்பார் சட்டம். “மூணு போட்டுக்கோங்க” என்பார் மாமா, காய்கறிக் கடையில் பேரம் முடிப்பதுபோல. சட்டம் விடமாட்டார், அம்மாவைப் பார்த்தே மறுபடி கேட்பார். அம்மா மாமாவைப் பார்ப்பாள். “அவன் சொல்றதுதான்” என்பாள்.

நான் ஆலைகளில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் அழுத்தமானியைப் பார்க்காமல் பக்கத்துக் குழாயைக் கேட்டு அளவு எழுதினால் வேலை போய்விடும். இதை மாமாவிடம் சொன்னேன். “உங்க அம்மா என்ன பாய்லரா?” என்றார். நியாயமான கேள்வி. பாய்லரை இவ்வளவு அலட்சியமாக விடமாட்டார்கள்.

கட்டில் பிரதிநிதிக்கு இன்னொரு இலாகாவும் உண்டு. ரகசிய இலாகா. நோய் என்னவென்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. டாக்டருக்குத் தெரியலாம், நர்ஸுக்குத் தெரியலாம், தரை துடைக்க வருபவருக்குத் தெரியலாம், எதிர்க் கட்டில்காரரின் வராத மருமகளுக்குக்கூடப் போனில் தெரிவிக்கலாம். யாருடைய வயிற்றில் கட்டி இருக்கிறதோ அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. அதற்காக நடைபாதை மாநாடு ஒன்று நடக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே திரும்புவார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தால் எந்த நோயாளிக்குத்தான் புரியாது?

அம்மாவின் கட்டி முழுதாக எடுக்க முடியாத இடத்தில் இருந்தது. ஓர் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். செய்தால் கொஞ்ச நாள் கூடலாம், கூடாமலும் போகலாம். கூடினாலும் அதில் பெரும்பாதி இதே கட்டிலில் கழியும். மாமா ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் போய், “ஒண்ணுமில்லக்கா, சின்ன வீக்கம். லேசாக் கீறி விட்டுட்டு அனுப்பிடுவாங்க” என்றார்.

“நான் எப்படா வீட்டுக்குப் போவேன்?”

“இதோ, இப்போ போயிடலாம்.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கவுண்டர்ல இருந்தவரைக்கும் நானும் இதைத்தான்டா சொல்லிட்டிருந்தேன். பஸ் வழியில படுத்துக் கிடக்கும். வராதுன்னு சொல்லாதே, கூட்டம் கலாட்டா பண்ணும்னு மேல இருந்து உத்தரவு. இதோ வந்துடும், இப்போ வந்துடும்னு மைக்குல சொல்லிட்டே இருப்பேன்.”

“பாத்தியா, அக்காவுக்கு எவ்வளவு ஞாபக சக்தி!” என்று மாமா என்னிடம் பெருமைப்பட்டார்.

நான் வாயைத் திறந்தேன். “நீ சும்மா இரும்மா. நீ பேசினா அழுதுடுவே” என்றார். என் சார்பிலும் அவரே முடிவு செய்துவிட்டார்.

சட்டம் டாக்டரோடு வந்தது அன்று மத்தியானம். வரும்போதே டாக்டரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: “தனக்கு என்னன்னு அவங்க கேட்டுட்டே இருக்காங்க டாக்டர். அதை நான் சொல்ற இடத்துல இல்ல. ஆனா அவங்க கேக்கறாங்கங்கறதை உங்ககிட்ட சொல்லாம மறைச்சா அது என் தப்பு.”

மாமா ஆபரேஷன் சம்மதத் தாளைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “எங்க போடணும்?”

“நீங்க எங்கயும் போட வேண்டாம் சார்” என்றார் சட்டம். “அம்மா நினைவோட இருக்காங்க. சொல்றது புரியுது, பதில் சொல்லத் தெரியுது. சரின்னு சொல்றதும் அவங்கதான், வேண்டாம்னு சொல்றதும் அவங்கதான். கேட்டுத் தெரிஞ்சுதான் சொன்னாங்கன்னு சாட்சியாக் கையெழுத்துப் போடறவ நான். கேக்காததுக்கு நான் எப்படிச் சாட்சி?”

“அவங்க சொல்றதைத்தானே நான் சொல்றேன்?”

“அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே சார்.”

மாமா பேனாவை மூடவில்லை. சட்டம் அம்மாவின் பக்கம் குனிந்தார். “டாக்டர் உங்ககிட்ட பேசணும்னு வந்திருக்கார்மா. கூட யார் இருக்கணும்னு நினைக்கறீங்க?”

“நான் இருக்கேன்” என்றார் மாமா.

“ரெண்டு பேரும் வெளியே நில்லுங்க” என்றாள் அம்மா.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுடைய கவுண்டர் குரலைக் கேட்டேன். நாங்கள் தள்ளி நின்றோம். சட்டம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்.

திரை என்பது துணிதானே. குரல் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கமும் போனது.

“வலி இருக்காம்மா?” உள்ளேயிருந்து சட்டம்.

“இல்ல!” வெளியேயிருந்து மாமா.

“சார், நான் திரையைக் கேக்கல.”

“பழக்கம் சிஸ்டர், வந்துடுச்சு.”

“பத்துக்கு எவ்வளவும்மா?”

மாமா வாயை இறுக மூடிக்கொண்டு, திரையைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். திரை கண்டுகொள்ளவில்லை.

“எட்டு” என்றாள் அம்மா.

“எப்பலேருந்து?”

“இங்க வந்ததுலேருந்தே.”

“ஏம்மா சொல்லல? நான் உங்களைத்தானே கேட்டேன்?”

“தம்பி மூஞ்சியைப் பாத்துட்டு எட்டுன்னு எப்படிம்மா சொல்றது? அவன் தாங்க மாட்டான். சின்னதுலேருந்தே எனக்கு அடிபட்டா அவன்தான் அழுவான்.”

மாமாவின் மூன்று விரல்களும் அப்படியே நின்றன. பிறகு எதிர்க் கட்டிலின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கேன் உறை கக்கத்திலிருந்து நழுவியது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே டாக்டர் பேசினார். நோயின் பெயரைச் சொன்னார். ஆபரேஷனால் என்ன ஆகலாம், என்ன ஆகாமல் போகலாம் என்று சொன்னார். அம்மா குறுக்கிட்டு இரண்டு கேள்விகள் கேட்டாள். இரண்டும் சரியான கேள்விகள்.

“பஸ் வராதுன்னா வராதுன்னு சொல்லிடணும் டாக்டர்” என்றாள். “அப்பதான் ஜனங்க கால்கடுக்க நிக்காம வீட்டைப் பாத்துப் போவாங்க. ஆபரேஷன் வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து கொடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

“நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களாம்மா?” என்றார் சட்டம். இதையும் கேட்பது அவருடைய வேலை.

“யோசிச்சுட்டேன். இத்தனை நாளா வேற என்ன வேலை எனக்கு? பேசற வேலையைத்தான் அவன் பாத்துக்கிட்டானே.”

உள்ளே சட்டம் சிரித்தது கேட்டது. அவர் சிரிப்பார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அறை ஜன்னலில் பஸ் முனை திரும்பும் சத்தம் கேட்கும். தாமதமானால் “லேட்டு” என்பாள். சட்டம் சொல்லிக்கொடுத்தபடி நான் வலியைக் கேட்டு மருந்து கொடுத்தேன். எட்டு ஆறானது, ஐந்தானது, ஒரு நாள் மூன்றுக்கு வந்து நின்றது. ஆக, மாமா சொன்ன கணக்கு சரிதான். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

மாமாவும் தினம் வந்தார். குற்றம் சொல்ல மாட்டேன், அவர் அளவுக்கு ஓடியாடிய ஆள் வேறு யாரும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பார், அம்மா பார்ப்பாள், மூடிக்கொள்வார். அந்தப் பயிற்சி அவர் முகத்தைச் சிவக்கவைத்தது. அப்படி அவர் மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான், “நீ எப்படிடா இருக்கே?” என்று அம்மா அவரைக் கேட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்டு என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதுவேதான் நடந்தது. அதில் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அம்மா போய்விட்டாள். ஜன்னல் திறந்திருந்தது.

துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். அம்மாவோடு கவுண்டரில் இருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, “நீ எப்படிம்மா இருக்கே?” என்றார்.

“தைரியமா இருக்கா” என்றார் மாமா.

பழக்கம், வந்துவிட்டது. நான் தைரியமாக இல்லை. வலி பத்துக்கு ஒன்பது. ஆனால் அந்த அம்மாள் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இவ்வளவையும் நான் எழுதியதற்குக் காரணம் மாமா அல்ல. அவர் இதைப் படித்துவிட்டு, “அக்கா இருந்தா ரொம்ப ரசிச்சிருப்பாங்க” என்று சொல்லிவிடுவார். எனக்குச் சந்தேகம் உங்கள் மேல்தான். நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். செலவில்லை, ஊசி இல்லை. வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம், மனைவியோ கணவனோ பெற்றவரோ, “நான் உனக்குப் பதிலாப் பேசிடறேனா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

“சேச்சே, அப்படியெல்லாம் இல்லவே இல்ல” என்று உடனே பதில் வந்தால் சந்தோஷம். அது யாருடைய குரல் என்பதை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.