ஸுல்பிகாவின் கடைசிப் பக்கம்

தெரிந்த தாலாட்டெல்லாம் தீர்ந்துபோனதால்தான் முஸ்பிறா தன் கதையையே தொட்டிலுக்கு வாசித்துக் காட்டினாள்.

பிள்ளை பெற்று இருபத்தாறு நாள். நாற்பது முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது. தொட்டிலில் மகள் வீரிட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் கொழும்புப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கான கதை பாதியில் கிடந்தது. வியாழக்கிழமை தபாலில் சேர்ந்தாக வேண்டும். இன்று திங்கள்.

எட்டு வருடமாக நிலாவையும் கடலையும் எழுதி, ஒன்றுகூட அச்சில் பார்க்காதவள் முஸ்பிறா. இந்தக் கதை வேறு. ஒரு மத்தியானம் மகள் அலறிக்கொண்டிருக்க, சோறு தின்றுவிட்டுக் குறட்டை விட்ட கணவன் மசூர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "அழுறது நம்மட புள்ளயா?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். அந்தக் கேள்வியில் பிறந்த கதை இது. கதாநாயகி ஸுல்பிகா புருஷனின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கிறாள். இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். வந்த பெட்டி திரும்பிப் போவதாக யாரும் எழுதி முஸ்பிறா வாசித்ததில்லை.

"'இது என்ட ஊடு! பெட்டியத் தூக்குங்க!'" என்று உரக்க வாசித்தாள்.

மகள் கப்பென்று அழுகையை நிறுத்தினாள். இரண்டாம் தடவை வாசித்தபோது தூங்கியே போனாள். கிடைத்த அமைதியில் முஸ்பிறா இரண்டு பக்கம் எழுதினாள். சந்தோஷத்தில் அவளுக்கே அழுகை வந்தது.

அன்று மட்டும் ஆறு வாசிப்பு. பக்கத்து வீட்டு வளவில் சல்மா உம்மாவும், முஸ்பிறா மரியாதையாகக் காக்கா என்று கூப்பிடும் அவருடைய கணவர் கலந்தரும் இருந்தார்கள். நடுவில் வெறும் தென்னோலைக் கிடுகு வேலிதான்.

செவ்வாய் மத்தியானம் மசூர் புடவைக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்ன ஊட்ட விட்டு அனுப்பப் போறியாமே?"

"அது கதைங்க!"

"ஓம் புள்ள, ஊரெல்லாம் அந்தக் கதைதான்!"

முஸ்பிறா தலையில் கைவைத்தாள். ஜன்னலுக்கு வெளியே, கலந்தர் காக்கா தன் வீட்டுப் படலை வாசலில் ஒரு தகரப் பெட்டியின் மேல் குந்தியிருந்தார். எங்கேயோ பயணம் போலும்.

புதன் காலை மெதுவான குரலில் வாசித்துப் பார்த்தாள். மகள் கூரை பிய்ந்துபோக அழுதாள். சரி, கதையில் வருவது மசூர் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று, ஒரு பழங்காலப் பெயரைத் தேடிப் பிடித்துப் புருஷனுக்கு வைத்தாள்.

"'சீனிமுகம்மது! பெட்டியத் தூக்குங்க!'"

ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும் தன் மாமனாரின் பெயர் அதுதான் என்பது நினைவுக்கு வந்தபோது, மாமி வாசலில் வந்து இறங்கிவிட்டார்.

"மகன அனுப்புறது காணாதா? என்ட மனிசனுக்குமா பெட்டி கட்டுற?"

முஸ்பிறாவின் உம்மா இடையில் விழுந்தார். "கடைசியில உள்ளுக்குக் கூப்பிட்டுட்டாள் எண்டு எழுது மகள். ஊர் வாய் மூடும்."

பேரை வெட்டி, முடிவை மாற்றி, வேலிக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "'நான் செஞ்சது பிழைதான். உள்ளுக்கு வாங்க.'"

மாமிக்குத் திருப்தி. மகளுக்கு இல்லை. முகம் சிவந்து, மூச்சடைக்க அழுதாள். வெளியே கலந்தர் காக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். பஸ் கிடைக்கவில்லை போலும்.

வியாழன் காலை முஸ்பிறா அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். எட்டு வருடம் எழுதிய நிலாக் கதைகளைப் போலவே அதுவும் சப்பென்று இருந்தது. கோபம் வந்தது. கிழித்தாள்.

"ஸுல்பிகா ஒரு பிழையும் செய்யல்ல!"

கூடத்தில் மாமி இருந்தார், உம்மா இருந்தார். இருக்கட்டும் என்று பழைய முடிவைத் தொண்டை கிழிய வாசித்தாள். மகள் கொட்டாவி விட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினாள். முஸ்பிறா கதையை உறையில் இட்டு ஒட்டி மசூரிடம் நீட்டினாள்.

"நான் வாசல் தாண்ட ஏலா. நீங்கதான் போடணும்."

"என்னத் துரத்துற கதைய நானே தபால்ல போடணுமா?"

"ஓம். போடாட்டி அது வெறுங் கதையா இரிக்காது."

மசூர் தொட்டிலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் வேலிக் கிடுகு விலகியது. சல்மா உம்மாவின் முகம் தெரிந்தது. ஏசத்தான் வந்திருக்கிறார் என்று முஸ்பிறா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"மகள், இனி முடிவ மாத்த மாட்டாய்தானே?" என்றார் சல்மா உம்மா. "திங்கக்கிழமை புடிச்சி எங்கட மனிசன் பெட்டியத் தூக்கிட்டு உள்ளுக்கும் வெளிலயுமா நடந்தே களச்சிப் போயிட்டாரு!"