காணாமல் போன முயல்தோல் போர்வை பற்றி

யாகூட்ஸ்கில் வசிக்கும் என் கொழுந்தன் நிக்கிபோருக்கு, வில்யூய் ஆற்றங்கரையிலிருந்து உன் அண்ணி பியோக்லா எழுதுவது. இங்கே நானும் பசுவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் மூக்கு நுனி உறையாமல் இருக்க வேண்டும்.

தம்பி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கல்யாணத்துக்கு என் அம்மா தைத்துக் கொடுத்த முயல்தோல் போர்வையை நீதானே எடுத்துப் போனாய்? பெட்டியைத் திறந்து பார்த்தால் காணோம். உன் அண்ணன் கவ்ரீலைப் புதைத்த அன்று வரும்போது உன் கையில் ஒரு பை, போகும்போது இரண்டு. கேட்டதற்கு மீன் என்றாய். மீன் அவ்வளவு மெத்தென்றா இருக்கும்? நான் அழுதுகொண்டிருந்தேன், வாஸ்தவம், ஆனால் கண் அவிந்துபோகவில்லை. குளிருக்காக நான் கேட்கவில்லை, வீட்டில் கேஸ் எரிகிறது. கட்டிலில் பாதி காலியாகக் கிடக்கிறது, அவன் வாசனை அந்தப் போர்வையில்தான் மிச்சம்.

நீ எடுக்கவில்லை என்றால் அவனே யாருக்கோ கொடுத்திருக்கிறான். அதற்கு நீ திருடனாக இருப்பதே எனக்கு மேல்.

காரணம் இருக்கிறது. போன குளிர்காலம் முழுக்க, நான் சுடும் முதல் அப்பத்தை வெண்ணெயோடு துணியில் சுற்றி எடுத்துப் போனான். முதல் அப்பம் அடுப்புத் தீக்கு உரியது என்று உனக்கே தெரியும். எங்கே கொண்டுபோகிறாய் என்றால், கொடுக்க வேண்டிய இடத்தில்தான் கொடுக்கிறேன் என்பான். கடைக்காரி மாத்ரியோனா அந்த வருஷம்தான் பெருத்தாள். நேரே போய்க் கேட்டேன். "உன் புருஷன் உன் வீட்லயே தங்குனதில்ல, என் வீட்டுக்கு எங்க வரப்போறான்? அந்தக் கேஸ் குழாய் வால்வத்தான் கட்டிக்கிட்டு அழுதான்" என்று சிரிக்கிறாள். சிரிக்கிறவளை எப்படி நம்புவது?

இப்போது அவன் பார்த்த வால்வுக் காவல் வேலைக்கு, அவனிடமே வேலை பழகிய அயால் என்று ஒருவன் வந்திருக்கிறான். அவன் மேலும் சந்தேகம்தான். குளிர் முற்றினால் தினமும் ஊருக்கு வெளியே வால்வுக் கொட்டகைக்குப் போகிறான், சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு அப்படியே பழையபடி வைக்கிறானாம். செய்ததைச் செய்யாததாக ஆக்குவது ஒரு வேலையா? சும்மா விட்டால் கிரீஸ் கல்லாகிவிடும், உள்ளே ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும், அவசரத்தில் மூட வராது என்கிறான். கவ்ரீலும் இதே பாட்டுத்தான் பாடினான். சரி, உள்ளே வந்து பார்க்கிறேன் என்றதும் வெளியாட்களை விடக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டான். முகம் வேறு சிவந்தது. குளிரில் எல்லாருக்கும் சிவக்கும், ஆனால் இது வேறு சிவப்பு.

ஆகவே போர்வையை உடனே அனுப்பு. இல்லையென்றால் அடுத்த கடிதம் உன் பெண்டாட்டிக்கு. உன் வீட்டுத் தீ அணையாதிருக்கட்டும், பிள்ளைகள் கொழுத்து வளரட்டும்.

உன் அண்ணி,
பியோக்லா

பின்குறிப்பு: தபால் வண்டி குளிரில் கிளம்பவில்லை, கடிதம் என்னிடமே கிடந்தது. அதற்குள் ஊருக்கு அப்பால் கேஸ் குழாய் வெடித்தது. அயால் ஓடினான். குற்றவாளிதான் இப்படி ஓடுவான் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். கொட்டகைக்குள் வால்வின் தலையிலிருந்து எதையோ உருவி எறிந்தான். என் போர்வை. சக்கரம் வெண்ணெயில் கத்தி போனமாதிரி சுழன்றது, மூடிவிட்டான். வெடிப்பு வால்வுக்கு அந்தப் பக்கம், ஊருக்குக் கேஸ் வருவது இந்தப் பக்கம் என்பதால் ஊர் அடுப்புகள் அணையவில்லை.

"கம்பெனி அனுப்புன உறை பொருந்தல அண்ணி. பொடிப்பனி உள்ள போயிடும்னு அண்ணன் இதக் கொண்டாந்து போர்த்துனாரு. சொல்லிடாதடா, அவ கொன்னுடுவாள்னாரு" என்கிறான் அயால்.

வேலிக் கம்பத்தின் அடியில், நான் அப்பம் சுட்டதும் அவன் சுற்றிக்கொண்டு போகும் துணி, அண்டங்காக்கை கொத்தி உறைந்து கிடந்தது. வீட்டில் எரிகிற தீக்கு வாய் இங்கேதான் இருக்கிறது, ஆனால் இங்கே நெருப்பு மூட்டக்கூடாதே என்று சொல்லி கவ்ரீல் முதல் அப்பத்தை அந்தக் கம்பத்தடியில் வைப்பானாம். வெறும் கிரீஸ் வாசனைதான் போர்வையில். அவனுக்கும் அந்த வாசனைதானே? நானே மறுபடி போர்த்திவிட்டு வந்தேன். இன்றைக்கு முதல் அப்பத்தையும் நான்தான் கொண்டுபோனேன்.

மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள். காகிதம் வீணாகுமே என்று கிழிக்கவில்லை. நீ எடுக்காத போர்வையை அனுப்ப வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது பையில் என்ன இருந்தது? மீன் என்று மட்டும் எழுதாதே.