இருநூற்று ஐம்பது மீட்டர் மிச்சம்

திரையில் இருநூற்று ஐம்பது என்றிருந்த எண், பல் டாக்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்ப்பதற்குள் இருநூற்றுப் பத்தாகியிருந்தது.

அவர் கிளைடரில் பறந்துகொண்டிருந்தார். இன்ஜின் இல்லாத விமானம் அது. இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். அப்புறம் வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே வட்டமடித்து ஏறி, அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த காற்று வரை சறுக்கிப் போக வேண்டும். காலையிலிருந்து அப்படியே முந்நூறு கிலோமீட்டரில் இருநூற்று அறுபதை முடித்துவிட்டார். பாக்கி நாற்பதுதான்.

முகத்துக்கு நேரே, உள்ளங்கை அகலத்தில், புதிதாக மாட்டிய கிளைடு கம்ப்யூட்டர் இருந்தது. இப்போதிருக்கும் உயரத்திலிருந்து நேராகச் சறுக்கினால், எத்தனை மீட்டர் மிச்சத்தோடு கிளப் ஓடுதளத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். இருநூற்று ஐம்பது என்று சொன்னது. அதை நம்பி, இரண்டு நிமிடம் முன்புதான் ரேடியோ பட்டனை அழுத்தி அறிவித்திருந்தார்.

"கடைசிச் சறுக்கல் ஆரம்பிச்சாச்சு. நாற்பது கிலோமீட்டர். கையில இருநூத்தம்பது மீட்டர் மிச்சம். டீ போட்டு வைங்க."

பதில் வரவில்லை. வாயடைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கிளப்பின் தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். காகிதம், அளவுகோல், பென்சில் மூன்றையும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் பறந்தவர். டாக்டர் இன்றைக்கு முந்நூறை முடித்தால், அடுத்த மாதத்திலிருந்து புதியவர்களுக்கான தூரப் பறப்பு வகுப்பை அவரே எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். டாக்டர் அதை மனைவியிடமும் மாமியாரிடமும் பல் காட்ட வந்த பதினேழு பேரிடமும், வகுப்பு ஏற்கெனவே கையில் வந்துவிட்ட மாதிரியே சொல்லி வைத்திருந்தார்.

எண் நூற்றெழுபதுக்கு வந்தது.

"என்னம்மா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். தனியாகப் பேசுவது அவருக்குப் பழக்கம். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் பதில் எதிர்பாராமல் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவர்.

கீழிறங்கும் காற்றில் மாட்டியிருக்கலாம், வேகமாகக் கடந்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. கம்ப்யூட்டரும் வேகத்தைக் கூட்டச் சொல்லி அம்பு காட்டியது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினார். எண் எண்பதாகி, நாற்பதாகி, பூஜ்யத்தில் வந்து நின்று அவரைப் பார்த்தது.

அப்படியானால் காற்றுக் கணக்குதான் தப்பு என்று முடிவு செய்தார். முதுகுப் பக்கமிருந்து காற்று தள்ளுவது இதற்குத் தெரியவில்லை. இருபது கிலோமீட்டர் வேகப் பின்காற்று என்று தன் கையாலேயே தட்டினார். எண் உடனே நூற்றைம்பதுக்குத் தாவியது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வலப்பக்கம் இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்தன. நல்ல காற்று அங்கே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். "நீங்க ஏறுங்கப்பா. எனக்கு மிச்சமே நூத்தைம்பது இருக்கு" என்று அவற்றுக்குச் சொல்லிவிட்டுக் கடந்து போனார்.

பருந்துகள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திரையின் மூலையைக் கவனித்தார். அங்கே சின்ன எழுத்தில் கிளைடரின் வகை இருந்தது. அது அவருடைய கிளைடர் இல்லை.

அவர் ஓட்டுவது கிளப்பின் பழைய வண்டி. எல்லோரும் அதைக் 'கிழவி' என்பார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்தைக் கொடுத்தால் முப்பது கிலோமீட்டர் போகும். திரையில் இருந்ததோ, போட்டிகளில் ஜெயிக்கிற நீள இறக்கைக்காரி. அவள் ஐம்பது போவாள். நேற்று சாயங்காலம், கம்ப்யூட்டரைக் கிளப் மெக்கானிக்கிடம் மாட்டக் கொடுப்பதற்கு முன்னால், வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதிலிருந்த கிளைடர் பட்டியலைப் புரட்டும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஒரு நிமிடம் வைத்து அழகு பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் என்று தேர்வு செய்தார். மாற்றவில்லை.

இப்போது மாற்றினார். காற்றையும் பழையபடி ஆக்கினார். எண், ஓடுதளத்துக்குக் கீழே இருநூற்று நாற்பது மீட்டர் என்றது. அதாவது, மண்ணுக்குள்.

அடுத்த ஐந்து நிமிடம் அவர் பேசியதை எல்லாம் எழுத இடம் போதாது. தன் அல்ப ஆசையைத் திட்டினார். கேப்டனின் பென்சிலைக் கிண்டல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பத்திரமாக இறங்கினால் இனிமேல் யார் முன்னாலும் பீற்றிக்கொள்வதில்லை என்றார். தரை நெருங்க நெருங்கப் பயத்தில், போன வருடம் கேப்டனின் சொத்தைப் பல்லுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, இரண்டுமே சொத்தைதான் என்று சொல்லி அதையும் பிடுங்கியதை வாய்விட்டு ஒப்புக்கொண்டார்.

கிளப்புக்குப் பதினாலு கிலோமீட்டர் முன்னால், அறுவடை முடிந்த ஒரு மேட்டு வயலில் கிழவி தடதடவென்று ஓடி நின்றாள். அவளுக்கும் கீறல் இல்லை, அவருக்கும் கீறல் இல்லை. கண்ணாடி மூடியைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்தார்.

வயலுக்குச் சொந்தக்காரப் பெண்மணி வரப்பில் நடந்து வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். இதில் பெட்ரோலே கிடையாது என்றார் டாக்டர்.

"அப்ப ஊத்தாமலேயே கிளம்பிட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள், மிகவும் வருத்தப்பட்டு.

டாக்டர் மனைவிக்குப் போன் செய்தார். கிளப்புக்குப் போய், ஆபீஸ் பக்கம் தலைகாட்டாமல், டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"கேப்டனே வந்து மாட்டிக் குடுத்தாரு. எதுக்குன்னும் கேக்கல, எங்கன்னும் கேக்கல."

"தங்கமான மனுஷன்" என்றார் டாக்டர், நிம்மதியாக. பிறகு கிளைடரின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு, நடந்ததை அவளிடம் மட்டும் ஒளிக்காமல் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. "சரி, தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லிடுங்க. கௌரவம் ஒண்ணும் கரைஞ்சு போயிடாது."

"கரைஞ்சுடும். வகுப்பு எடுக்கப் போறவன் தான் ஓட்டற வண்டி எதுன்னே தெரியாம பறந்தான்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. கம்ப்யூட்டரை மாட்டினது மெக்கானிக்தானே? வயரிங் கோளாறுன்னு சொல்லிடலாம்."

"அந்த மனுஷன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. எது சொன்னாலும் வாயத் திறக்க மாட்டாரு. அதனாலதான் சொல்றேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வையை அவர் வாங்கியதில்லை. அதன்பிறகு, பிடிங்க, தூக்குங்க என்று சொல்லிச் சொல்லி, அவரோடு சேர்ந்து இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றி முடித்தாள்.

கிளப் ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டாக்டர் நுழைந்ததும் யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஒருவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். 

"என்ன ஆச்சு டாக்டர்?" என்றார் கேப்டன், கன்னத்தைத் தடவியபடி. "பொறுமையா சொல்லுங்க."

மெக்கானிக் கதவோரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவரைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கம்ப்யூட்டர் திடீரென்று தாறுமாறாகக் காட்டியது என்றார். தான் முதலிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். பருந்துகளைப் பார்த்து ஏற நினைத்ததாகவும், ஆனால் கருவியை நம்ப வேண்டியது விமானியின் கடமை என்பதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"அப்படியா?" என்றார் கேப்டன். "பருந்துங்க கிட்ட ஏதாவது பேசினீங்களா?"

விசித்திரமான கேள்வியாகப் பட்டது. இல்லை என்றார்.

"கோளாறு எதுல இருக்கும்னு நினைக்கிறீங்க?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டருக்குக் காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்ல அதுதான் கடைசித் தருணம் என்று அவருக்கே தெரிந்தது. உதடு கூடப் பிரிந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"வயரிங்லதான் இருக்கணும். குறை சொல்றதா நினைக்காதீங்க. மாட்டும்போது எங்கேயோ சரியா பாக்கல."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. ரொம்பவும் சங்கடப்பட்டவராகத்தான் பேசினார்.

"தப்பு என்னுதுதான் சார், ஒத்துக்கறேன். நீங்க டீ போடச் சொன்னப்ப அமுக்கின ரேடியோ பட்டன் அப்படியே மாட்டிக்கிச்சு. மேல நீங்க பேசினது, வயல்ல உங்க வீட்டம்மாகிட்ட பேசினது, எல்லாமே ஒண்ணு விடாம இந்த ரூம்ல கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு."