மூணு சந்தை டாக்டர்

ராசிபுரம் வட்டாரத்தில் சளிக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் வேறு யாரும் பிறக்கவில்லை. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. மூணு சந்தை டாக்டர் என்றால் வண்டிமாடுகூட வழி காட்டும்.

அவரிடம் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில் இருந்தது. தண்ணீர் நிரப்பி, பேசினில் கவிழ்த்து, ரப்பர் குழாயைச் செருகி ஒரே மூச்சில் ஊதச் சொல்வார். எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அவ்வளவு நுரையீரல் பலம். ஆனால் சளி பிடித்தவனைக் குழாயைத் தொட விடமாட்டார்.

"மூணு சந்தை கழிச்சு வாங்க" என்பார். வாரச்சந்தைதான் அவருடைய காலண்டர். சளியே இல்லை என்று சாதித்தால் தோள்துண்டைப் பிடுங்கி மூக்குத் துடைத்த ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். மல்லசமுத்திரத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, துண்டில் பிடிபட்டு, திட்டிக்கொண்டே திரும்பினார். மாப்பிள்ளை தும்மினால் முகூர்த்தத்தையே தள்ளி வைப்பார் என்று ஊரில் பேச்சு.

யுத்த காலத்தில் எனக்குக் கொல்லிமலையில் காட்டுக் காவலர் வேலை வந்தது. மலையேறும் வேலை. பத்து நாளில் நுரையீரல் சர்டிபிகேட் வேண்டும் என்று உத்தரவு. எனக்கோ நெஞ்சு நிறையச் சளி. துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"துண்டு எங்கீங்க சாமி?"

"மறந்துட்டேனுங்க."

"சட்டைக் கையைக் காட்டுங்க."

மாட்டிக்கொண்டேன்.

"மூணு சந்தைன்னா வேலை போயிருமுங்க! இன்னைக்கே ஊதிர்றேனுங்க!" என்று கத்தினேன்.

"இன்னைக்கு ஊதுனா உங்க சளி எத்தனைன்னுதான் தெரியும். கம்மியா எழுதுனா காசம்னு பேராயிரும். அப்பறம் வேலையும் வராது, பொண்ணும் வராது."

மறுநாள், பெட்ரோல் கிடைக்காமல் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் சேலத்துக் காட்டிலாகா ஆபீசுக்கு இழுத்துப் போனார். கெடுவை நீட்ட முடியாது என்றார் அதிகாரி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி. டாக்டர் கைக்குட்டையையே பார்த்தார். பியூனைப் பேசினும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, மேஜைமேல் பாட்டிலைக் கவிழ்த்தார்.

"ஒருக்கா ஊதுங்க சார்."

மலைபோல் இருந்த அதிகாரி ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். தண்ணீர் நாலு விரல்தான் இறங்கியது.

"இதையே எழுதி மேலே அனுப்பட்டுங்களா? உங்க வேலையும் போயிருமுங்க" என்றார் டாக்டர்.

கெடு ஒரு மாதம் நீண்டது.

மூன்றாம் சந்தை கழிந்து நான் ஊதியதில் டாக்டரின் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. நனைந்த வேட்டியோடு சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துத்தான் முப்பது வருஷம் கொல்லிமலை ஏறி இறங்கினேன்.

சளி பிடித்த ஆளை அவர் ஊதவிட்டது வாழ்நாளில் ஒரே தடவைதான், அந்தச் சேலத்து அதிகாரியை. எனக்காக.