பீர் குடித்த மின்சாரக் கார்

சான் பெத்ரோ தெ திகினா,
வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகள் நியேவெஸுக்கு,

அப்பா கசிமிரோ எழுதுவது. கொபகபானா மாதாவின் தயவால் இங்கு நானும் உன் அம்மாவும் ரமோனாவும் நலம். நீ அனுப்பிய கார் மட்டும் நலமில்லை. கொச்சபம்பாவில் நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனியில் உறையவைத்துக் காயவைத்த சுண்யோ கிழங்கு ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், லாரிக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எந்த லாரிக்காரன் என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். வருகிற வியாழனுக்குள் ஒரு லாரி அனுப்பி உன் மின்சாரக் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ. கோபித்துக்கொள்ளாதே. உன் தொழிற்சாலையில், உன் கையால் பூட்டிய வண்டி என்பது தெரியும். வந்த அன்று அதன் கூரையைத் தடவிப் பார்த்து அழுதேன். இந்நேரம் உன் அம்மா அதை உன்னிடம் சொல்லியிருப்பாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு போ.

ரமோனாவை விற்றுவிடச் சொல்கிறாய். போன வருடம் அவள் மொச்சைக் காட்டுக்குள் இறங்கியதை நீ இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கும் பிரேக் இருந்தது, பிடிக்கத்தான் அவளுக்கு மனமில்லை. எழுபத்து நான்காம் வருடத்து வண்டிக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? அந்தக் காலத்தில் கார் செய்தவர்கள் காதும் மூக்கும் உள்ள மனிதர்களுக்காகச் செய்தார்கள். பெட்ரோல் வாடை வந்தால் குழாயில் கோளாறு, ரப்பர் கருகினால் பெல்ட்டில் கோளாறு, இரண்டும் சேர்ந்து வந்தால் இறங்கி ஓட வேண்டும், அவ்வளவுதான் படிப்பு. ரமோனா மேட்டு வளைவில் திரும்பும்போதே அவள் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். உன் அம்மா உடனே சூப்பை அடுப்பில் ஏற்றுவாள், நான் கை கழுவி உட்காரும்போது கொதித்திருக்கும். உன் காரில் வந்தால் வாசலுக்கு வந்த பிறகும் யாருக்கும் தெரிவதில்லை. போன வாரம் அப்படித்தான் வந்து நின்றேன், உள்ளே உன் அம்மா நான் நடப்பதுபோல் நடந்து காட்ட, உன் ஞானத்தந்தை எவுலோகியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். சூப்பும் ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நீ யாரிடமும் சொல்லாதே. ரமோனாவில் உன் அம்மா பக்கத்துக் கதவுக்கு உள்கைப்பிடி கிடையாது. நீ பிறப்பதற்கு முன்பே உடைந்துபோனது. ஆகவே வண்டி நின்றதும் நான் இறங்கி, சுற்றி ஓடிப்போய், வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். நாற்பத்தொரு வருடமாகத் திறந்துவிடுகிறேன். சந்தையில் பெண்கள் பார்த்துவிட்டு, உன் அம்மா எதுவிகேஸுக்கு வாய்த்ததுபோல் ஒரு புருஷன் உண்டா என்று பேசிக்கொள்கிறார்கள். கைப்பிடியை மாற்றப் பத்து நிமிடம் போதும், நான் மாற்றவில்லை. உன் காரில் முதல் நாள் வழக்கம்போல் சுற்றி ஓடினேன். அதற்குள் அவள் இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறாள். "எங்க ஓடுறீங்க?" என்று கேட்டாள். சக்கரத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக் குனிந்துகொண்டேன்.

இனி வண்டியின் கோளாறுகள். மின்சாரம் குறைந்தால் கண்ணாடித் திரையில் ஆமைப் படம் போடுகிறது. அறுபத்தெட்டு வயதுக்காரனைப் பார்த்து ஆமை என்று சொல்ல யார் கற்றுக்கொடுத்தது? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சீட் தானாக நகர்கிறது, மகளே. நான் மதியம் தூங்கி எழுந்து வந்து உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. பின்னால் தள்ளி வைக்கிறேன், மறுநாள் மதியம் மறுபடி முன்னால் வந்திருக்கிறது. நிறுத்தி வைத்த இடத்திலேயே மின்சாரமும் குறைந்திருக்கிறது. தூக்கத்தில் தின்னும் வண்டியை நான் கண்டதில்லை. எவுலோகியோவிடம் காட்டினேன். "புது வண்டின்னா அப்படித்தான் மச்சான், வீட்டுக்குப் பழகுற வரைக்கும் கொஞ்சம் நகரும்" என்றான். உன் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். இதை உன் பொறியாளர்களிடம் சொல்லி விசாரி.

சரி, ஆசீர்வாதம் வாங்காத வண்டி அப்படித்தான் அடம் பிடிக்கும் என்று, போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க உன் அம்மா, "ஏரியப் பாருங்களேன், என்ன நீலம்!" என்றாள். "போய்ச் சேந்து பாத்துக்கலாம்" என்றேன். கல்யாணமான நாள் முதல் அவள் அதைத்தான் சொல்கிறாள், நானும் அதைத்தான் சொல்கிறேன். சாலையைப் பார்க்கிறவன்தானே டிரைவர்? கோவில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நம் காருக்கும் பூமாலை, காகிதத் தோரணம், கூரைமேல் தொப்பி எல்லாம் குறையில்லாமல் செய்தோம். சாமியார் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார், பூங்கொத்தைத் தண்ணீரில் முக்கினார், "எஞ்சினத் தொறங்க" என்றார். திறந்தேன். உள்ளே கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எஞ்சின் எங்கப்பா?"

"இல்ல சாமி."

"வர்ற வழியில விழுந்துடுச்சா?"

அவ்வளவுதான், பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சாமியார் பாவம், நல்ல மனுஷன், தண்ணீர் டப்பாவை ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். என் மனம் ஆறவில்லை. வழக்கப்படி எஞ்சினுக்குப் பீர் ஊற்றிப் படைக்காமல் புது வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? பூமித்தாய் என்ன நினைப்பாள்? தன் வேனில் எங்கள் பின்னாலேயே வந்திருந்த எவுலோகியோதான் சொன்னான், "எஞ்சின் மாதிரி வேலை செய்யிறது பேட்டரிதான மச்சான், அது சீட்டுக்கு அடியில இருக்கு, அங்க ஊத்து." உன் அம்மா, "வேண்டாங்க, அந்தப் புள்ள ராத்திரி பகலா ஒக்காந்து பூட்டின கம்பிங்க" என்று கையைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை. மூடியைக் கழற்றி ஒரு பாட்டில் முழுக்க ஊற்றினேன். விளக்கெல்லாம் ஒரு தரம் எரிந்தது, ஹாரன் ஒரு தரம் அழுதது, ஆமை வந்து நின்றது, பிறகு ஆமையும் போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் இதுவும் சடங்குதான் என்று நினைத்துக் கைதட்டிச் சரவெடி கொளுத்தினார்கள். மாலையும் தோரணமுமாக, எவுலோகியோவின் பழைய வேனில் கயிறு கட்டி நாற்பது கிலோமீட்டர் இழுத்து வந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லாரும் கல்யாண வண்டி என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

மூன்று நாள் வெயிலில் திறந்து போட்டோம். புதன்கிழமை தானாக உயிர் வந்தது, உன் வேலை நல்ல வேலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டிக்கு நான் எதற்கு? சத்தம் கேட்டுச் சூப்பு வைக்க வேண்டாம், கதவு திறந்துவிட வேண்டாம், கரி பிடித்த கையோடு அடியில் படுக்க வேண்டாம். இதில் நான் வெறும் சுமை. அதனால்தான் லாரி அனுப்பச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. மாதாவும் பூமித்தாயும் உன் கைவிரல் பத்தையும் காக்கட்டும். ரமோனா உன்னை விசாரித்தாள்.

உன் அப்பா,
கசிமிரோ திக்கோனா

பின்குறிப்பு, ஞாயிறு: கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நேற்று உன் அம்மா தொப்பியை வைத்துக்கொண்டு, கையில் கார்ச் சாவியோடு வந்து, "ஏறுங்க" என்றாள். எவுலோகியோ மதில் ஓரமாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டிரைவர் பக்கம் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள், நான் பின்னால் தள்ளி வைத்த அதே சீட்டை. சீட்டைப் பற்றி நான் எழுதியதைப் பொறியாளர்களிடம் காட்ட வேண்டாம். மூன்று வாரமாக, நான் தூங்கும் நேரத்தில், எவுலோகியோதான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சத்தமில்லாத வண்டி, எனக்கு எப்படிக் கேட்கும்? "பயமா இல்லையா உனக்கு?" என்றேன். "நாப்பத்தொரு வருஷமா ஒங்க காலையும் கையையும்தான பாத்துக்கிட்டு வரேன். ரமோனாவ ஓட்டத்தான் எனக்குக் கால்ல பலம் கிடையாது. இதுக்கு என்ன?" என்றாள். ஓட்டிப் பார்க்கிறாயா என்று ஒருநாளும் அவளை நான் கேட்டதில்லை, மகளே. மேட்டு வளைவில் திரும்பும்போது, "இப்பவாவது பாருங்க" என்றாள். பார்த்தேன். இவ்வளவு பெரிய ஏரி இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. கண் கலங்கியதால் முழுக்கப் பார்க்க முடியவில்லை, இன்றைக்கும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். லாரி வேண்டாம், கிழங்கு பஸ்ஸில் வரும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இருங்க, நான் வந்து தொறக்கிறேன்" என்று இறங்கிச் சுற்றி வந்தாள். கைப்பிடி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் தொடவில்லை.