முதுகெலும்புக்குக் கிழமை தெரியும்

அந்த இரும்பு பீரோவைத் தொடுவதில்லை என்று புதன்கிழமை காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார் செல்போன் ரிப்பேர்க்காரர். வாயில் நுரையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் உறுதியான முடிவு.

பீரோ முன்னறையில் மாமனார் மாதிரி நின்றது. ஒன்பது மாதக் குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. பீரோவின் மூலைக்கும் குழந்தையின் நெற்றிக்கும் ஒரே வாரத்தில் இரண்டு தடவை அறிமுகமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அது பின்னறைக்குப் போயே ஆகவேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை சோஃபாவை விட்டு எழுவதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரிப்பேர்க்காரர் கட்டிக்காத்து வரும் கொள்கை.

"அதை நகத்த நாலு ஆள் வேணுமேம்மா" என்றார்.

"என் தம்பி வரான். மாடி வீட்டுக்காரரும் வரேன்னுட்டார். மூணாவது நான். நாலாவது ஆள் இங்க நுரை கக்கிட்டு நிக்குது."

ரிப்பேர்க்காரர் குனிந்து வாய் கொப்பளித்தார். நிமிரும்போது பாதியிலேயே நின்றார். இடுப்பில் கை வைத்தார்.

"என்னங்க?"

"பிடிச்சுக்கிச்சு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த கவலையைப் பார்த்து அவருக்கே தன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"முதுகு விஷயங்க, விளையாடக் கூடாது. கையாலயே எலும்பைச் சரி பண்ற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. நாளைக்குச் சாயங்காலமே போயிடலாம்."

ஊசி இல்லை என்றதும் அவரும் சரி என்றார். பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு சீட்டு வாங்கி வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்த மாதிரி.

போன இடத்தில் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் முன்னும் பின்னுமாக ஒரு மனித உருவம். வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். கீழே கேள்விகள்.

"உக்காந்து எழுத முடியல. நீயே எழுதிடும்மா" என்று முனகினார்.

அவள் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு எழுதினாள். நாலு பக்கமும் எழுதினாள். போதாமல் இன்னொரு தாள் கேட்டு வாங்கினாள். புருஷன்மேல் இத்தனை அக்கறையா என்று ரிப்பேர்க்காரர் நெகிழ்ந்து போனார்.

டாக்டரம்மா ஒல்லியாக இருந்தார். இந்த விரல்களால் ஒரு போனின் பின்மூடியைக்கூடத் திறக்க முடியாதே என்று தொழில்முறையில் நினைத்துக்கொண்டார் ரிப்பேர்க்காரர். கால் மரத்துப் போகுதா, இருமினால் வலிக்குதா என்று கேட்டார் டாக்டரம்மா. முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு நீள மேசையில் குப்புறப் படுக்கச் சொன்னார். முகம் வைக்க மேசையிலேயே ஓட்டை. அது வழியாக அவருக்குத் தெரிந்தது டாக்டரம்மாவின் செருப்பு மட்டும்தான்.

இரண்டு விரல்கள் முதுகில் படியிறங்கின.

"பர்ஸை பின் பாக்கெட்ல வெச்சுக்கிட்டே உக்காருவீங்க" என்றது செருப்புக்கு மேலிருந்த குரல்.

"ஆமாங்க."

"சோஃபாவுல படுக்கறப்போ இடது பக்கம்தான். காலைத் தூக்கிக் கைப்பிடி மேல போட்டுப்பீங்க."

ரிப்பேர்க்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து வருஷமாகப் போன் பிரித்துப் பார்ப்பவர். அவருக்கே பிரித்தால்தான் பழுது தெரியும்.

"இந்த வலி புதன்கிழமை காலைல வந்திருக்கு."

"எலும்புல கிழமைகூடத் தெரியுமா டாக்டர்?"

"பல் விளக்கறப்போ" என்றது குரல். "ரிமோட் சோஃபாவுக்கு அடியில விழுந்தா குனியறதுல ஒரு கஷ்டமும் இல்ல."

அவர் ஓட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டார். சாமி சந்நிதியில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. இந்த அம்மாவிடம் இனி ஒரு பொய் சொன்னாலும் முதுகு காட்டிக்கொடுத்துவிடும்.

விரல்கள் மேலே ஏறிக் கழுத்தில் நின்றன. இப்போது குரல் மாறியது. "இதை யாருமே சொல்லலியே. வலது பக்கம் திரும்ப மாட்டேங்குதே உங்க கழுத்து?"

அது நிஜம். இரண்டு வருஷமாகக் கடையில் லென்ஸுக்கு மேல் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கமாக உறைந்திருந்தது. அவர் அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் கடையைச் சாத்து என்பாளே என்று பயம்.

மல்லாக்கப் படுக்க வைத்தார் டாக்டரம்மா. தலையை இரு கைகளில் பூப்போல ஏந்தினார். "மூச்சை விடுங்க." விட்டார். டக். உயிர் போய்விட்டது என்று நினைத்தார். போகவில்லை.

"இப்போ திரும்புங்க."

மெல்லத் திரும்பினார். முழுதாக இல்லை, ஆனாலும் முக்கால்வாசி திரும்பியது. வலது பக்கம் என்று ஓர் உலகம் அப்படியே இருந்தது. ஜன்னல் இருந்தது. மனைவி இருந்தாள். அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியில் நாவற்பழம் அளவுக்கு நீலப் புடைப்பு இருந்தது. அதை அவர் சரியாகப் பார்த்தது இப்போதுதான்.

"நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன் டாக்டர்."

"கழுத்துக்கு இன்னும் நாலு தடவை வாங்க. அரை மணிக்கொரு தரம் குனிஞ்ச வேலையிலிருந்து எழுந்து நில்லுங்க. இடுப்புல ஒண்ணுமே இல்ல. அதுக்கு மருந்து அசையறதுதான். பாரம் தாராளமாத் தூக்கலாம். முழங்காலை மடக்கி, பொருளை உடம்போட ஒட்டி, முதுகை நேரா வெச்சு. சோஃபா வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் தூக்கும் கோஷ்டிக்கு ரிப்பேர்க்காரரே தலைவர். முழங்காலை எப்படி மடக்குவது என்று மச்சானுக்குப் பாடம் எடுத்தார். "தொட்டாலே போதும் மாப்ள, கிழமை சொல்லிடறாங்க. சோஃபாவுல எந்தப் பக்கம் படுப்பேன்னு சொல்லிடறாங்க. தெய்வ அம்சம்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். மாடி வீட்டுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பீரோ பின்னறையில் உட்கார்ந்தது. முன்னறைத் தரையில் குழந்தை மகாராஜா மாதிரி தவழ்ந்தது.

"டாக்டரம்மா குடுத்த ஃபைலை உள்ள வெச்சிடுங்க" என்று நீட்டினாள் மனைவி.

அந்தத் தெய்வத்தின் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று பிரித்தார். முதல் பக்கத்தில் மனித உருவத்தின் இடுப்பில் பெருக்கல் குறி. அருகே அவருக்கு நன்றாகத் தெரிந்த குண்டு குண்டான எழுத்து: 'புதன் காலை, பல் விளக்கும்போது.' அடுத்த பக்கத்தில் பர்ஸ். அதற்கடுத்து சோஃபா, இடது பக்கம், கைப்பிடி மேல் கால். கூடுதல் தாளில் ரிமோட்.

கழுத்தைப் பற்றி மட்டும் எங்கும் இல்லை. அது ஒன்றாவது தெய்வத்தின் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வந்தார்.

'இந்தச் சிகிச்சையில் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் என்ன?'

'ஞாயிற்றுக்கிழமைக்குள் பீரோ பின்னறைக்குப் போக வேண்டும்.'

அதற்கு நேராக டாக்டரம்மா பச்சை மையில் ஒரு டிக் போட்டிருந்தார்.